பிரிவு நான்கு, உட்பிரிவு இ

மசோதா நிறைவேறிய அன்று மாலை
கெடிலம் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது.
"டீச்சருக்கு ஏறிடுச்சாமே" என்றார் கண்டக்டர்.
சிரித்து வைத்தேன்.
மீன்கூடைக்காரம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

ஸ்டாஃப் ரூமுக்கு மதியமே லட்டு வந்துவிட்டது.
கணக்கு சார் போனில் கூட்டிப் பார்த்தார்,
அழித்துவிட்டு மறுபடி கூட்டினார்.
நான் இருப்பது
பிரிவு நான்கு, உட்பிரிவு இ:
"பகுதிநேர ஆசிரியர்கள் நீங்கலாக."

நீங்கலாக.
எவ்வளவு மரியாதையான சொல்.

ஓவிய டீச்சர், கையெழுத்து அழகு என்று
நன்றிப் பலகையை என்னையே எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன். நாலு நிறத்தில், ஓரத்தில் பூவேலையோடு.

வீட்டுக்காரர் ஞானசௌந்தரி
எந்தச் செய்தியையும் முழுசாய்க் கேட்பவரில்லை.
செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டார்:
அடுத்த மாசத்திலிருந்து ஐந்நூறு கூட.
மே மாதம் எனக்குச் சம்பளமே கிடையாதென்று
இவரிடம் எந்த மாதத்தில் சொல்வது?

சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பியது.
ஜன்னலைச் சாத்தினேன்.

நாளை ஏழாம் வகுப்புக்கு இரண்டு பீரியடு.
பௌசியாவின் கடல் பாதியில் நிற்கிறது,
நீலம் தீர்ந்துபோய்.
போகிற வழியில்
ஒரு டப்பா வாங்கவேண்டும்.