நாலாவது கட்டம்

வியாழக்கிழமை பத்தரைக்கு, கப்பலூரில்.
ரப்பர் சீல் செய்கிற கம்பெனி,
கணக்குப் பிரிவில் ஒரே ஒரு இடம்.

கோப்பைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசம்.
பி.காம். சான்றிதழ், டைப்ரைட்டிங் ஹையர்,
சிம்மக்கல் ஆடிட்டர் கடைசி நாளில்
கையெழுத்துப் போட்டுத் தந்த கடிதம்:
நேர்மையானவர், கூச்ச சுபாவம் உடையவர்.
இரண்டாவதை யார் கேட்டது?

பழைய போட்டோவில் இருக்கிறவளுக்கு
என்னைவிட நெற்றி சின்னது.
புதிதாய் எடுத்த ஸ்டூடியோக்காரப் பையன்
கண்ணுக்குக் கீழ கருப்பைத் துடைச்சுவிடவாக்கா என்றான்.
இருக்கட்டும், அது நான் சம்பாதிச்சது
என்று சொல்ல வாயெடுத்து
எவ்வளவு தம்பி என்றேன்.

நான் விட்டுவந்தபோது வாட் இருந்தது.
ஜிஎஸ்டியைப் பாத்திரம் கழுவுகையில் படித்தேன்,
ஜன்னல் திட்டில் போன்,
ஓடிவிட்ட வீடியோவை
நுரைக்கையை விட்டு முழங்கையால் பின்னிழுத்து.
இருந்தும் பழைய வரிகளின் பெயர்
செத்துப்போன சொந்தக்காரர் பெயர்போல
வாயில் முதலில் வந்துவிடுகிறது.

லோடோடு தூத்துக்குடியில் நிற்கிற அவரைக் கேட்டேன்,
இத்தனை வருஷம் என்ன செஞ்சேன்னு கேட்டா?
சும்மா வீட்ல இருந்தேன்னு சொல்லு,
பொய்யா சொல்லப்போற, என்றார்.
நல்ல மனுஷன்தான்.
டோல்கேட் வந்திருச்சு என்று வைத்துவிட்டார்.

வில்லாபுரம் முழுக்க இன்று பராமரிப்பு மின்தடை.
அக்னி நட்சத்திரம்.
பீரோ கண்ணாடிமுன் நான்,
கட்டிலில் சம்மணம் போட்டு வழுதி.
பன்னிரண்டு முடிந்து மூன்று மாதம்.
பெயர் வைத்தபோது நாங்கள் யோசிக்கவில்லை
அதில் ஒரு ழ இருப்பதை.

டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்
என்கிறான், இன்ஸ்பெக்டர் மாதிரி.
சொல்கிறேன்.
நடுவில எதுக்கு மேடம் பதினோரு வருஷம் வேலைக்குப் போகல?
குடும்பச் சூழ்நிலை காரணமாக, என்று தொடங்குகிறேன்.
அது நான்தானே, என்கிறான்.
சிரிக்கிறான். எனக்குத்தான்
பொட்டு வைத்த இடம் வேர்க்கிறது.

செவ்வாயும் சனியும் பெரியாஸ்பத்திரி.
டோக்கன், மாடிப்படி, பேச்சுப்பயிற்சி அறை,
மெழுகுவர்த்தியை ஊது, பஞ்சை ஊது,
ஸ்ட்ராவில் தண்ணீரைக் குமிழவிடு.
வீட்டுக்கு வந்து இதே கண்ணாடி.
பேரேடு மாதிரி ஒரு நீள நோட்டு போட்டிருந்தேன்,
தேதி, ஒலி, முயற்சி, வந்தது.
ம என்றால் பதினாறு.
க எழுதி அடித்து எழுதி அடித்து.
ழ மட்டும் பக்கம் பக்கமாய்,
மாதக் கடைசியில் கூட்டல் வேறு,
பழக்கதோஷம், எந்த ஆடிட்டருக்குக் காட்டவோ.
ஒன்பது வயதில் தன் பெயரைத் தானே சொன்னான்.
அந்த வரியில் ரசம் கொட்டியிருக்கிறது.

அந்த நோட்டைக் கோப்பில் வைத்தேன் நேற்றிரவு.
காலையில் எடுத்துவிட்டேன்.
இப்போது அது அவன் மடியில்.

எதிர்பார்க்கும் சம்பளம்?
பார்த்துப் போட்டுக் குடுங்க சார்.
அது பதிலில்லம்மா.
இருபத்திரண்டாயிரம்,
கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கிற குரலில்.
கேக்கல.
இருபத்தி,
ரெண்டு நிற்கிறது தொண்டையில்.
மெதுவா. மூச்செடு. உதட்டைப் பாரு.
என் வாக்கியம்.
என் எரிச்சல்கூட அப்படியே இருக்கிறது அதில்.

கடைசியில் காலியாய்க் கிடந்த பக்கத்தில்
ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போடுகிறான்.
தேதி எழுதுகிறான். அடுத்ததில் தொகை, எண்ணால்.
மூன்றாவதில் கோடு, கோடு, கோடு, கோடு,
குறுக்கே ஒன்று.

வாசலில் இஸ்திரிக்காரர்.
காட்டன் சேலை, மடிப்பில் கரிச்சூடு இன்னும் ஆறவில்லை.
இருபது ரூவா, என்கிறார்
எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

வழுதி என்னைப் பார்க்கிறான்,
பென்சிலை மூன்றாவது கட்டத்திலிருந்து
எடுக்காமல்.