களர்

பெர்த்திலிருந்து நான்கு மணி நேரம்.
மூன்றாம் வேலிக்கு அப்பால்
கோதுமை முளைக்கவில்லை.
உப்புதான் பூத்திருந்தது.

கிளெனிஸ் உப்புமானியைச் சேற்றில் குத்தினாள்.
எண் ஏறி, ஏறி, நின்றது.
எழுதிக்கொள்ளவில்லை.

மாமனார் காலத்தில்
இரண்டு டிராக்டர்கள், நடுவே கப்பல் சங்கிலி,
ஒரே வாரத்தில் சாய்த்த காடு இது.
உறிஞ்ச வேரில்லாத மழை
கீழே கீழே இறங்கி
தூங்கிக்கொண்டிருந்த உப்பை எழுப்பி
கையைப் பிடித்து மேலே கூட்டி வந்தது.

இப்போது மேடு கட்டி
மேட்டின் தோளில் யூகலிப்டஸ் கன்றுகள்.
நானூற்றுப் பன்னிரண்டு நட்டாள்.
நூற்று முப்பது செத்தன.

மிச்சம் உள்ளவை
வேர்வாசலில் நின்று
தண்ணீரை மட்டும் உள்ளே விடுகின்றன.
தப்பி நுழைந்த உப்பை
செல்லின் பின்னறையில் தள்ளித் தாழிடுகின்றன.
அந்த அறையும் நிரம்பினால்
ஒரு முற்றிய இலை
அத்தனையையும் சுமந்துகொண்டு விழுகிறது.

'உப்பு விரும்பி' என்றது நர்சரிப் பட்டியல்.
விருப்பமெல்லாம் இல்லை.
நல்ல மண்ணில் வைத்துப் பாருங்கள்,
இரண்டு மடங்கு வளரும்.

கிளெனிஸ் குனிந்து
விழுந்த இலையொன்றை எடுத்தாள்.
ஆடுகளைத் தவிர யாரும் இல்லை.
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்
என் மொழியில்.
இந்த மரங்களுக்கு உப்பிட்டவர் பெயர்
தானிய லாரியின் கதவில்
சிவப்புப் பெயிண்டில்
இன்னும் உரியாமல் இருக்கிறது:
ஹாட்ரில் அண்ட் சன்ஸ்.