இருபத்தொரு பேர்

காலை ஏழு ஐந்துக்குக் கேப்டன் ஹானுஸ் கூப்பிட்டார்.
"ரன்வா, இன்னும் பதினெட்டுப் பேர் வரவில்லை."

டோர்ஸ்ஹவ்ன் துறையில் மழை.
பட்டியலில் இருபத்தொன்று.
தளத்தில் நின்றது ஒரு கணவன், ஒரு மனைவி,
போர்வைக்குள் ஒரு கைக்குழந்தை.

பெரியவர்கள் 2, படிவத்திலிருந்து எழுத்தாக வந்தது.
குழந்தை 1, எண்ணாக இருந்தது.
எழுத்தோடு எண்ணைக் கூட்டச் சொன்னால்
ஜாவாஸ்கிரிப்ட் முகம் சுளிக்காது,
பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துவிடும்.
எங்கும் பிறக்காத பதினெட்டுப் பேருக்காக
ஒரு கப்பல் கால்மணி நேரம் காத்திருந்தது.

"எனி" என்று அந்த இடத்தில் எழுதிய கை எது?
ட்ரோன்டுரைத் திட்டச் சொற்களை அடுக்கிவைத்துக்கொண்டே தேடினேன்.
மார்ச், இரவு பதினொன்று நாற்பது.
என் பெயர்.

எனியை அழித்தேன்.
திரையெங்கும் சிவப்புக் கோடுகள், நாற்பத்து மூன்று.
ஒவ்வொன்றும் நான் என்றோ சொன்ன
"அப்புறம் பார்த்துக்கலாம்."

"இது எண்தான், நம்பு" என்று
கம்பைலரின் வாயை அடைத்தும் பார்த்தேன்.
கோடு மறைந்தது.
கூட்டினால் அதே இருபத்தொன்று.

ஆகவே வாசலிலேயே நிறுத்தினேன்.
வெளியிலிருந்து வருவது எதுவானாலும் முதலில் அதன் பெயர் "அன்நோன்".
எனி சொல்கிறது: எதுவானால் என்ன, விடு.
அன்நோன் சொல்கிறது: எனக்குத் தெரியாது, தொடும்முன் கேள்.
தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஜாடை.

எங்கள் தீவுகளில், நாளை கப்பல் உண்டா என்றால்
"கன்ஸ்கா" என்போம், இருக்கலாம்.
கைவிரிப்பல்ல அது.
ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பது.

மதியத்துக்குள் பயணத்துக்கு மூன்றே நிலைகள்:
புறப்படும், தாமதம், ரத்து.
தாமதம் என்றால் எத்தனை நிமிடம் என்பதும் கூடவே வரவேண்டும்.
நிமிடமில்லாத தாமதத்தை இனி யாரும் எழுத முடியாது,
நள்ளிரவின் ரன்வாவும்கூட.

உற்சாகத்தில் ட்ரோன்டுர்
வகைக்குள் வகைக்குள் வகையாக ஒரு கோபுரம் எழுப்பினான்.
காபி குடித்தபடி இருவரும் அதை அண்ணாந்து பார்த்தோம்.
அவனுக்கே வழி தெரியவில்லை.
இடித்தோம்.

மாலை மறுபடி ஹானுஸ்.
"ஒரு ஆடு ஏறுகிறது. நிறைசினை.
இறங்கும்போது இரண்டாக இருக்கலாம்,
உன் கணினியிடம் சொல்லிவை."

எண்ணிக்கை, ஏறியபின் மாறாது
என்று அன்றுதான் எழுதியிருந்தேன்.

"கன்ஸ்கா" என்றேன்,
ஜன்னலைத் திறந்து.