வட்டி

கார்த்திகை மழையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
கானாடுகாத்தான் முழுக்க இருட்டு.
"விடிஞ்சாத்தான்" என்றார் லைன்மேன்.

வெயிலைத் தோற்கடிக்கக் கட்டிய வீடு.
முட்டைப்பூச்சுச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும்
இன்றைக்கு என் எதிர்க்கட்சி.
பெட்டிக்குள் வெப்பமானி
இருபத்திரண்டைத் தொட்டது.

பந்து மலைப்பாம்பு. பெயர் வட்டி:
மறந்தாலும் வளர்ந்துகொண்டிருக்கும்.
இப்போது நகரவில்லை,
சுருள் மட்டும் இறுகுகிறது.
ஃபிரிட்ஜில் எலி இளகுகிறது. போடக்கூடாது;
குளிர்ந்த வயிற்றில் இரை அழுகும்.

எட்டு மாதமாய் இந்த அறையை
எட்டிப் பார்க்காத சாத்தப்பன்
நிலைப்படிக்கு அப்பால் நின்றே
துண்டு சுற்றிக் கட்டிய வெந்நீர் பாட்டிலை
உருட்டிவிட்டான்.

மூன்று மணிக்கு நான்காவது பாட்டில்.
"நாக்கை நீட்டுதா?"
"நீட்டுது."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு அடுப்படியில்
தீக்குச்சி உரசும் ஓசை.