காட்சி 47. வெளி. பகல். ஆறு நிறையத் தண்ணீர்

என்று எழுதினேன். எழுத எவ்வளவு நேரம் ஆகும்.
தயாரிப்பாளர் விரல்விட்டு எண்ணினார்:
‘ஆறு நிறையத் தண்ணீர்’, மூன்று சொல்.
மூன்று சொல்லுக்கு நாளொன்றுக்கு எழுபதாயிரம்,
பேட்டா, ஜெனரேட்டர், பொறையாற்று லாட்ஜ் வாடகை சேர்த்து.

மேட்டூர் திறந்து பதினோரு நாள்.
கல்லணை தாண்டியாச்சு என்றது பேப்பர்.
குத்தாலத்தில் பார்த்தேன் என்றார் டீக்கடைக்காரர்.
வீரசோழனில் மட்டும்
நாய் ஒன்று குறுக்கே நடந்து போனது
கால் நனையாமல்.

என் பெயர் தையல்நாயகி.
வைத்தீஸ்வரன் கோயில் பக்கம் தெருவுக்கு நாலு பேர்.
கோடம்பாக்கத்து முதல் வாசலில்
“நாயகியா? ஆல்பம் கொண்டாந்திருக்கியா?” என்றார்கள்.
கதை கொண்டுவந்திருக்கிறேன் என்றேன்.
சிரித்து முடித்து கிளாப் பலகையைக் கொடுத்தார்கள்.
ஒன்பது வருடம் அடித்தேன்.
ஒருமுறை விரல் மாட்டி நகம் கறுத்தது.

முதல் படம் பதினேழு நாள்.
மாயவரத்தில் மட்டும் பதினெட்டு.
அந்தப் பதினெட்டாம் நாள்
என் தம்பி ஆறு டிக்கெட் வாங்கி
ஒற்றை ஆளாய் உட்கார்ந்திருந்தான்.
ஃபேன் நல்லா ஓடுச்சுக்கா என்றான், கேட்டதற்கு.

இரண்டாவது படத்தில்தான் இந்த 47.
புருஷனின் பைக்கை ஒருத்தி
கரையிலிருந்து ஆற்றுக்குள் தள்ளுகிறாள்.
முங்குகிறது. குமிழி.
திரும்பி நடக்கிறாள். வசனம் இல்லை.

மதகடியில் லஸ்கர் பக்கிரிசாமி.
தினமும் கேட்டேன், எப்ப வரும்?
“முறை வச்சு விடுறாங்கம்மா. வந்தா சொல்றேன்.”
என் நம்பரை மதகுச் சுவரில்
சாக்பீஸால் எழுதிக்கொண்டார், ஷட்டர் அளவுகளுக்குக் கீழே.

பன்னிரண்டாம் நாள் தயாரிப்பாளர் சொன்னார்:
“ஆத்தைத் தூக்குங்க. இல்ல படத்தைத் தூக்கிடுறேன்.”

மணலில் எடுத்தோம்.
வேதவல்லி தள்ளினாள். பைக் உருண்டு
மணலில் மூக்கைக் குத்தி நின்றது.
பின்சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.
கட் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
அவள் திரும்பி நடக்கவில்லை.
நான் எழுதாத ஒன்றைச் செய்தாள்:
சரிவில் இறங்கிப் போய்
சுற்றுகிற சக்கரத்தை
உள்ளங்கை வைத்து நிறுத்தினாள்.
இன்னொரு டேக் கேட்கவில்லை. இருந்தது ஒரு பைக்.

எழுபத்திரண்டு நாள் ஓடியது.
வறண்ட ஆறு, வறண்ட மணவாழ்க்கை என்று எழுதினார்கள்.
குறியீடு என்றார்கள்.
விருது மேடையில் ஒருவர் மைக்கை நீட்டி
“அந்த மணலை எப்படி யோசிச்சீங்க?”
எழுபதாயிரம் என்று சொல்ல வாயெடுத்து
தோணுச்சு என்றேன்.

மூன்றாவது படம் லேபில் கிடக்கிறது.
கடன்காரர் மூவரில் ஒருவர் செத்துப் போனார்,
அவர் மகன் இன்னும் கறார்.
இப்போது சீரியலுக்கு வசனம்,
நாளைக்கு நாற்பது பக்கம்.
மாமியார் ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொல்ல வேண்டும்
மூன்று முகங்களைக் காட்டுவதற்காக.
எழுதத் தெரியும், எழுதுகிறேன்.

சொல்ல விட்டுவிட்டேன்.
பேக்கப் ஆகி வேன் சீர்காழி தாண்டும்போது போன் வந்தது.
“தண்ணி வந்துட்டும்மா! நுரையும் சருகுமா வருது,
மெஷினைக் கொண்டாங்க சீக்கிரம்.”
வருகிறேன் என்றேன்.
போகவில்லை.

அதிலிருந்து வருடா வருடம் கூப்பிடுகிறார்.
ஒரு வருடம் ஜூலை, ஒரு வருடம் ஆகஸ்ட் கடைசி.
ஒரு வருடம் கூப்பிடவே இல்லை, நானும் காரணம் கேட்கவில்லை.
படம் வந்து பதினாலு வருடம். அவருக்குத் தெரியும்,
டிவியில் இரண்டு தடவை பார்த்தாராம்.

நேற்றும் கூப்பிட்டார்.
பேனாவை மூடிவிட்டு
எவ்வளவு ஆழம் என்றேன்.
“முழங்காலுக்குக் கொஞ்சம் மேல.
பைக் இன்னும் முங்காதும்மா.
நாளைக்கு முங்கும்.”