மூன்றாம் சேனல், நான்காம் சேனல்

பணகுடிக்குத் தெற்கே காற்றாலைப் பக்கம்
அம்மன் கொடை, இரண்டாம் நாள்.
வில்லுப்பாட்டு முடிந்து மேடை எங்கள் கைக்கு வந்தபோது
மணி பத்தேகால்.
நான் மைக்செட். கேட்டதைச் சொல்கிறேன்.

பலவேசத்தின் கிடார் ஒன்பதாயிரத்து ஐந்நூறு,
பாளையங்கோட்டைக் கடையில் தவணைக்கு எடுத்தது.
பிளக் ஆடாமலிருக்க
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்துச் செருகியிருப்பான்.
விரலைக் கிழித்த ஃப்ரெட் முனைகளை
அவனே அரம் போட்டு ராவியிருந்தான்.
கம்பியிலிருந்து கையை எடுத்தால்
ஜெனரேட்டர் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்,
ம்ம்ம் என்று.
அதனால் வாசிக்காதபோதும் தொட்டபடியே நிற்பான்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்ததுபோல.

சங்கரநயினார் பெங்களூரிலிருந்து
கோயில் வரி கொடுக்க வந்தவர்.
கூடவே ஒரு பெட்டி. பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்கு நம்பர்.
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
அவர் சொல்லவில்லை,
அவர் மச்சினன் சொன்னான், மூன்று தடவை.
பிடித்துப் பார்க்கக் கொடுத்தார்.
ஆற்றில் கிடந்த கல்போலக் கழுத்து,
எங்கேயும் கையை உறுத்தவில்லை.

“ரெண்டையும் ஒண்ணா விட்டுப் பாப்பமா வே,
எது பேசுதுன்னு?”
பந்தலில் யாரோ கிளப்பிவிட்டார்கள்.

மூன்றில் நயினார், நான்கில் பலவேசம்.
பிளாஸ்திரியில் எழுதி மிக்சரில் ஒட்டினேன்.
இரண்டும் போகிற வழி ஒன்றுதான்:
என் வயர், என் ஆம்ப், வாடகைக்கு எடுத்த எட்டுப் பெட்டி,
அதைத் தாண்டி ரோடு வரைக்கும் கட்டிய குழாய்கள்.
குழாய்க்கு விலை தெரியாது.
எல்லாரையும் அது ஜலதோஷக்காரர் ஆக்கிவிடும்.
போதாததற்கு ஆடிக் காற்று,
பாதிச் சத்தத்தைக் கூடங்குளம் பக்கம் அள்ளிக்கொண்டு போனது.

நாலாவது பாட்டு. இடையிசையை
இரண்டு பேரும் சேர்ந்தே வாசித்தார்கள்.
நான்கைத் தாழ்த்தி மூன்றை ஏற்றினேன்.
பந்தல் விசிலடித்தது.
மச்சினன் எழுந்தே நின்றுவிட்டான்:
“லட்சம் பேசுதுல்லா!”
எனக்கும் அப்படித்தான் கேட்டது.
கனம், தெளிவு, கடைசியில் ஒரு இழுப்பு.
இருபத்திரண்டு வருஷக் காது.

டீ வந்தது.
பலவேசம் டம்ளர் வாங்கக் கையை எடுத்தான்.
ம்ம்ம்.
மூன்றாம் சேனலில்.

வயரை மாற்றிச் செருகியிருக்கிறான்
என் கூட வந்த பொடியன்.
அவனைத் திட்டவில்லை. மூன்றை மெல்ல இறக்கிவிட்டு
என் டீயைக் குடித்தேன்.

இதையும் சொல்ல வேண்டும்:
ஒரு மணிக்குச் சாரல்.
பாட்டுக்கு நடுவே பலவேசத்தின் மூன்றாம் கம்பி நழுவியது.
முடுக்க நேரமில்லை. விரலால் தள்ளித் தள்ளி
ஒவ்வொரு சுரத்தையும் மேலே ஏற்றி வைத்தான்,
பஞ்சரான சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறவனைப்போல.
நயினாரின் கிடார் நின்ற இடத்திலேயே நின்றது.
பத்து மணிக்கு எப்படியோ, மூன்று மணிக்கும் அப்படியே.
அவர் கூட்டத்தைப் பார்த்தார்.
இவன் முறுக்காணியைப் பார்த்தான்.

சம்பளம் ஆயிரத்து இருநூறு. கம்பிக்கு இருநூறு போனால் ஆயிரம்.
அந்தத் தேன்நிறத்துக்கு இருநூற்று நாற்பது கொடை.
வருஷத்துக்கு நாற்பது கிடைத்தால் ஆறு வருஷம்,
சோறு தின்னாமல்.

விடியப்போகும்போது நயினார் கேட்டார்,
“உம்ம கிடார ஒருவாட்டி தாரும்.”
வாங்கினார். வெள்ளித்தாள் கீழே விழுந்தது.
இரைச்சலில் திடுக்கிட்டு,
“இத வச்சா வாசிச்சீரு?”
“கைய எடுக்காம வாசிக்கணும் அண்ணாச்சி.”
குனிந்து தாளைத் தேடி எடுத்து
மறுபடி மடித்தான்.

கம்பளியில் சுற்றி மொபட்டில் கட்டிப் போனான்.
அதை மறந்து பிளாஸ்திரியை அப்படியே விட்டிருந்தேன்,
அடுத்த ஊரில்தான் உரித்தேன்.

காலையில் டீக்கடையில் மச்சினன்
இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான்,
“லட்சம் பேசிச்சுல்லா, கேட்டீயள்லா.”
கேட்டேன் என்றேன்.
வடை சூடாக இருந்தது.