ஈரப்பதம் பதினேழு

கொள்முதல் நிலையத்தில் இன்று எடை போடவில்லை.
சாக்கு வரவில்லை என்று மேலே சொல்லிவிட்டார்கள்,
வந்திருந்தாலும் மழை விட்டபாடில்லை.
தார்ப்பாயில் தண்ணீர் தொந்தி போட்டுத் தொங்க
பட்டியல் எழுத்தன் நான்
பில் புத்தகத்தின் பின்னட்டையில்
அணியை எழுதுகிறேன்.

மேலநத்தம் வைகறை கைப்பந்துக் கழகம்.
போன கோடையில் பதினோரு ஊர், பதினோரு இரவு.
வென்றது ஒன்று:
எதிரணி வேன் அம்மாப்பேட்டையில்
அச்சு முறிந்து நின்ற அன்று.

நெல்லுக்கு ஒரு கருவி இருக்கிறது.
ஒரு கை அள்ளிப் போட்டால் எண் சொல்லும்.
பதினேழுக்குள் என்றால் மூட்டை உள்ளே,
தாண்டினால் ரோட்டில் காயப்போடு.
யார் மகன், எந்தக் கட்சி என்று அது கேட்பதில்லை.
ஆளுக்கு அப்படி ஒன்று எவனும் செய்யவில்லை.

தவசீலன். எங்களுடைய ஒரே அடி.
அவன் எம்பினால் எதிர்ப்பக்கம் ஆறு பேரும்
கண்ணை மூடுவதைப் பார்த்திருக்கிறேன்.
சிங்கப்பூருக்கு மெடிக்கல் முடித்துவிட்டான்.
இனி அவன் அடிப்பதெல்லாம்
வாட்ஸ்அப்பில், இரவு பதினொன்றுக்கு மேல்:
'என்னடா ஸ்கோர்?'

ஜபருல்லா பந்து எடுத்துக் கொடுப்பவன்,
விரல் நுனியில் வெண்ணெய்.
தவசீலனுக்கே கொடுத்துப் பழகிய கை.
போன வாரம் பயிற்சியில்
அவன் இல்லாத இடத்துக்கும் கொடுத்தான்.
வலையின் இடது ஓரம் பந்து உயர்ந்து
யாரையோ கொஞ்ச நேரம் தேடிவிட்டுச்
சேற்றில் விழுந்தது.

நெடுஞ்செழியன், ஆறடி இரண்டங்குலம்.
உயரத்தை நம்பிக் குதிப்பதில்லை.
சர்வீஸ் பத்து போட்டால் ஆறு வலைக்கு.
கோபப்படவும் முடியாது.
பகலெல்லாம் நாற்பது கிலோ மூட்டை
முந்நூறு ஏற்றிய தோள் அது.
ஏற்றியதை எழுதியவன் நான்.

சின்னப்பராஜ் எங்கே அடித்தாலும் விழுந்து எடுப்பான்,
முழங்கை முழுக்கத் தழும்பு.
தை பிறந்தால் கல்யாணம்.
பெண் வீடு வேளாங்கண்ணிப் பக்கம்,
அங்கேயும் ஓர் அணி இருக்கிறது.
பைக் தருகிறார்களாம்
(மாமனாரா, அணியா, தெளிவாகச் சொல்லவில்லை).

பாரி பன்னிரண்டாம் வகுப்பு.
பரீட்சை முடியும்வரை அவனைக் கூப்பிடக் கூடாதென்று
அவன் அம்மா இங்கேயே வந்து சொல்லிப்போனாள்,
கையோடு நெல்லையும் போட்டுவிட்டு.
அவள் நெல் பதினாறு.

ஆறாவது பெயருக்கு முன்னால் மை காய்கிறது.

கலைவேந்தன் அண்ணன். கேப்டன்.
முப்பத்தொன்பது வயது.
வலது முட்டியில் நீர் எடுத்து இரண்டு மாதம்.
கை உயர்வதற்குள் பந்து தாண்டிவிடுகிறது,
தாண்டிய பிறகு கைதட்டுகிறார்:
'பரவால்ல, பரவால்ல.'
எடுத்துவிடலாம்தான். ஆனால்
வலை அவருடையது.
பந்து இரண்டும், கம்பம் நட்ட களத்து மூலையும்,
விளக்குக்கு இழுத்த வயரும்.
தோற்ற அத்தனை இரவும்
எல்லோருக்கும் புரோட்டா வாங்கிய காசும்.

லாரி எப்போது என்று கேட்க
சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார் அவரே.
அட்டையை மூடுவதற்குள் படித்துவிட்டார்.
பேனாவை வாங்கித்
தன் பெயரைத் தானே எழுதினார்,
நேரே ஓர் எண்: இருபத்திரண்டு.
'திருப்பி அனுப்பு.'

திருப்புவது விதியில் இல்லை அண்ணே,
காயவைத்துக் கொண்டுவா என்றுதான்
சொல்லவேண்டும் என்றேன்.

வெளியே பார்த்தார்.
வெண்ணாற்றங்கரை வரைக்கும் ஒரே கறுப்பு.
'எந்த வெயில்ல?'

கழியை எடுத்துத் தார்ப்பாயின் தொந்தியில் குத்தினார்.
சளசளவென்று எங்கள் இருவர் காலிலும் கொட்டியது.
முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியவர்
பாதியில் நின்று
களத்துப் பக்கம் கையை நீட்டினார்:
'வலைய மழையிலயே விட்டுட்டீங்களாடா?
நூல் இத்துப் போயிரும்.'